முத்திரைக்காரர் அனுப்பிய ஒரே வாழ்த்து அட்டை

மனிதனைக் களைப்படையச் செய்யும் வேலைகள் இவ்வுலகில் பல உண்டு. சித்திரை வெயிலில் உப்பு வாருவது அவற்றுள் ஒன்று. லாரி ஓட்டுநர்களிடம் எடை குறித்து வாதிடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் முப்பது ஆண்டுகள் செய்து பார்த்தவன் என்னும் உரிமையில் சொல்கிறேன்: முத்திரைக்காரர் செய்த வாழ்த்து அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, "எப்படிங்க இருக்குது?" என்னும் அவருடைய வினாவுக்கு விடை சொல்வதைப் போல் உடலையும் உள்ளத்தையும் ஒருசேர வாட்டும் வேலை வேறொன்று இல்லை.

மரக்காணம் உப்பளத்தில் நான் எடைமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அம்பாரங்களுக்கு முத்திரை வைப்பவர். வாரிய உப்பை வீட்டுக்கூரை போலக் குவித்து, மேற்பரப்பைத் தட்டிச் சமன் செய்வார்கள். அதன்மேல் பூவேலை செதுக்கிய மரப்பலகையை வரிசை வரிசையாக அழுத்திக்கொண்டே செல்வது அவர் பணி. எவரேனும் ஒரு கூடை உப்பை எடுத்தாலும் அந்தப் பூவரிசை கலைந்து, தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். முத்திரை வைத்த அம்பாரத்தை, வைத்தவர் எதிரில் நின்றாலன்றி எவரும் தொடுவதில்லை என்பது உப்பளத்து ஒழுங்கு.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது வழங்கவில்லை. ஐம்பது வயதை நெருங்கியவர், திருமணம் ஆகாதவர். தொழில் புத்தி அவரை வீடுவரை துரத்தியது. கைகால் கழுவிவரச் செல்லும்போது பீடிக்கட்டின்மேல் முத்திரை வைத்துவிட்டுச் செல்வார். மதியச் சோற்றை மூடுவதற்கு முன் தயிர்ச்சோற்றின் மேற்பரப்பைக் கரண்டியால் சமன் செய்து, சிறியதோர் அச்சை அழுத்தி வைப்பார். அவர் உணவுப் பாத்திரத்தைத் திறந்தால் அன்னப்பறவை ஒன்று தயிரில் படுத்திருக்கும். அதை உண்ணவே மனம் வராமல் பல நாள் என் சோற்றில் பங்கு கேட்டிருக்கிறார்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் நடுவில் அவருக்கு வாழ்த்து அட்டைப் பித்துப் பிடித்தது. காரணம், மல்லிகா அம்மாள். கணவரை இழந்தவர். எங்கள் உப்பளத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் உப்புச் சுமந்துவிட்டு, கீழ்புத்துப்பட்டு பேருந்து நிறுத்தத்தின் அருகில் இட்லிக்கடை போட்டிருந்தார். ஞாயிறுதோறும் நம்மவர் பேருந்தேறிச் சென்று அங்கே மூன்று இட்லி உண்டு திரும்புவார். ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பேச இயலாததை ஓர் அட்டையில் அச்சடித்து வரும் பொங்கலுக்கு அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தார். கடையில் விற்கும் அட்டை அவருக்கு ஆகாது.

"அது ஆயிரம் பேருக்கு அடிச்சதுங்க. இது ஒருத்தருக்கு" என்றார்.

அச்சு செதுக்க ரப்பர் தேவைப்பட்டது. உப்பளத்தில் வெறுங்காலோடு பாத்தியில் இறங்குவதால் வரப்பின்மேல் செருப்புகள் வரிசையாக நிற்கும். அவ்வரிசையில் ஒற்றைச் செருப்புகள் மறையத் தொடங்கின. ஒரு நாள் கூடைக்காரப் பெண்மணி ஒருவர் இடுப்பில் கைவைத்து எடைமேடைக்கே வந்துவிட்டார்.

"யோவ் முத்திரை! என் எடது செருப்பு எங்கய்யா?"

"அது இப்ப மயிலாயிடுச்சிம்மா."

"இன்னாது?"

"மயிலு. தோகைதான் பாக்கி. உன் வலது செருப்பையும் குடுத்தேன்னா முடிச்சிருவேன்."

மறுநாளே அந்தப் பெண்மணிக்குப் புதிய இணை வாங்கிக் கொடுத்தார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். "அப்ப புதுசுலயே செதுக்க வேண்டியதுதானேப்பா?" என்று கேட்டேன். புதிய ரப்பர் கத்திக்கு வழுக்குமாம். மனிதன் மிதித்துப் பதப்படுத்திய ரப்பரே சித்திரத்துக்கு வளையுமாம். இச்செய்தி பரவிய பின் நிலைமை தலைகீழாயிற்று. அறுந்தது, தேய்ந்தது, வார்போனது என ஊரிலுள்ள செருப்பெல்லாம் அவர் வழியில் வேண்டுமென்றே கழற்றி விடப்பட்டன.

மைக்கு அவர் பட்ட பாடு வேறு. அலுவலகத்து ஊதா மைப்பெட்டி எப்போது பார்த்தாலும் பிழிந்த எலுமிச்சை போலக் கிடந்தது. கறுப்புக்கு, உப்புச் சாக்கில் குறியிடும் மை. சிவப்புக்கு எதையோ காய்ச்சினார். ஒரு வாரம் எங்கள் தேநீரில் அந்த வாடை இருந்தது. காகிதத்துக்குத் திண்டிவனத்தில் புத்தகம் கட்டும் கடைகளில் பளிங்குக் கோலமிட்ட தாள் துண்டுகளும், புதுச்சேரிப் பட்டறை ஒன்றில் பூவிதழ் பதித்த கைக்காகிதத்தின் ஓரக்கழிவும் கேட்டு வாங்கிவந்தார்.

கடற்காற்றில் மை உலராது. ஆகவே அட்டைகளை வரப்பில் பரப்பிக் கல் வைத்தார். ஒருமுறை கல் நகர்ந்து ஏழு அட்டைகள் பாத்தித் தண்ணீரில் விழுந்தன. அந்தப் பாத்தி உப்பு வெளிர் ஊதாவாக விளைந்து, மேலாளர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு வெகுநேரம் கடலையே நோக்கி நின்றார். நம்மவரோ, மறுநாள் அட்டைகளை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். ஓரங்களில் உப்பு பூத்து, பொடிக்கண்ணாடி பதித்தாற்போல மின்னிற்று.

"ஐயா, பாத்தீங்களா! எந்த ஜிகினா இப்படி மின்னும்?"

"மழை வந்தா கசியும்ப்பா."

"பொங்கலுக்கு ஏதுங்க மழை?"

அன்று முதல் ஒவ்வோர் அட்டையும் பாத்தியில் ஓரம் நனைந்தே வெளிவந்தது. நான் வார இதழ் படிக்கிறவன் என்னும் ஒரே குற்றத்துக்காக, ஒவ்வொன்றும் மதிய உணவு வேளையில் என் முன் வைக்கப்பட்டது. இரண்டு கிளிகள் உள்ள அட்டையோடு வருவார்.

"ரெண்டு கிளி போட்டா அவங்களுக்குப் புரியுமாங்க?"

"புரியும்."

"ரொம்பப் புரிஞ்சிடுச்சின்னா?"

இந்தக் கவலையில் மறுவாரம் ஒரு கிளி காணாமற்போகும். அதற்கடுத்த வாரம், எஞ்சிய கிளியும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "கோவமா இருக்கற மாதிரி இருக்குதே" என்று நான் சொன்னால், அதை நீக்கிவிட்டு வெறும் கிளையை மட்டும் கொண்டுவருவார். நான் நாற்பது அட்டை வரை எண்ணினேன். அதன்பின் எண்ணும் வலு எனக்கில்லை.

அவ்வாண்டு மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. அந்தப் பொங்கலுக்கு எங்கள் கரையில் யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்லவில்லை. அவர் அட்டையைப் பற்றிப் பேசாமல், பாதி உப்பு பூத்த அட்டைகளைச் சாக்கில் சுற்றிவைத்துவிட்டு, குப்பங்களுக்கு அரிசி மூட்டை சுமக்கப் போனார். மாசி முடியும் வரை அவர் கையில் மைக்கறை இல்லை.

பங்குனியில் மீண்டும் தொடங்கினார். நானும் மீண்டும் களைப்படைந்தேன். சித்திரம் ஒருவாறு முடிவானதும் வாசகம் வேண்டும் என்றார். என் அறிவுக்கு எட்டியவரை செந்தமிழில் பதினோரு வரிகள் இயற்றித் தந்தேன். 'தங்களது மேலான சம்மதத்தை அறிய விழையும்' என்று அது நிறைவுறும். அவர் இரண்டு நாள் அதைச் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாதாங்க இருக்குது. ஆனா இத வாங்கிப் படிச்சா கோர்ட்டுல இருந்து வந்த மாதிரி பயந்துடுவாங்க."

தாமே ஒரு வரி எழுதினார்: 'நான் உங்க கடைக்கு சாப்பிட மட்டும் வரலைங்க.' அவ்வளவுதான். என் பதினோரு வரிகளும் அந்த ஒரு வரியின் முன் நிற்கவில்லை என்பதை அன்று அவரிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுப் பொங்கலுக்கு முன்தினம் அட்டை நிறைவுற்றது. பளிங்குத் தாளில் ஒரு மயில், ஓரமெங்கும் உப்பு, உள்ளே அந்த வரி. மடித்து ஒட்டினார். ஒட்டியும் மனம் நிறையாமல், மடிப்பின் குறுக்கே அம்பாரத்துப் பூவைச் சிறிதாகச் செதுக்கி அழுந்த ஒரு முத்திரை வைத்தார். தபாலில் அனுப்ப அஞ்சி, என்னைத் தூதனுப்பினார். கடையில் மாவு வழித்துக்கொண்டிருந்த மல்லிகா அம்மாள் கையைத் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினார். திருப்பி மடிப்பைப் பார்த்தார். முகம் சற்றே இறுகிற்று. சாமி படங்களின் பக்கத்தில் உயரமாக வைத்துவிட்டு, எனக்கு இரண்டு இட்லி வைத்தார்.

"வாங்கிகிட்டாங்களா?" என்றார் மரக்காணத்தில் காத்திருந்த முத்திரைக்காரர், நான் பேருந்திலிருந்து இறங்குமுன்.

"வாங்கிகிட்டாங்க."

"படிச்சாங்களா?"

"எதிர்ல படிக்கல."

தை போயிற்று, மாசி போயிற்று. பதில் இல்லை. அட்டையைக் கொடுத்த அன்று முதலே கூச்சத்தால் அவர் ஞாயிற்றுப் பயணத்தை நிறுத்தியிருந்தார். கத்தியை எறிந்தார். மதிய உணவு வேளையில் எதையும் என் முன் வைக்கவில்லை. ஒன்றரை ஆண்டுக்குப் பின் கிடைத்த அந்த ஓய்வை நான் பத்து நாள் அனுபவித்தேன். பதினோராம் நாள் முதல் அது ஓய்வாக இல்லை. அம்பாரத்து மேலே பூவரிசை கோணலாக ஓடிற்று. தயிர்ச்சோறு வெறும் தயிர்ச்சோறாக இருந்தது. "இன்னாய்யா, செருப்பு வேணாமா?" என்று பெண்கள் வம்புக்கு இழுத்தாலும் நிமிர்ந்து பாராமல் போனார். "ஒரு வார்த்தை கேட்டுட்டு வரவாப்பா?" என்றால், "வேணாங்க, அவங்களச் சங்கடப்படுத்தாதீங்க" என்பதே பதில். ஆடி கடந்து, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பின், அவரிடம் சொல்லாமலே நான் கீழ்புத்துப்பட்டுக்குப் பேருந்தேறினேன்.

"அந்த அட்டை விசயமா வந்தேம்மா. புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லிடுங்க. ஆள் ஒடிஞ்சி போயிட்டாரு" என்றேன்.

மல்லிகா அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அத பிரிக்கவே இல்லையேண்ணே!"

"ஏம்மா?"

"முத்திரை வெச்சிருக்குதுல்ல? வெச்சவரு இல்லாம நான் எப்படிப் பிரிக்கறது? பன்னெண்டு வருசம் அங்க சொமந்தவ. அம்பாரத்துல ஒரு பூ கலைஞ்சா மொதல்ல எங்களத்தானே வரிசையில நிறுத்தி மடிய அவுக்கச் சொல்லுவாங்க! அந்தப் பூவப் பாத்தாலே கை தன்னால பின்னாடி போயிடுதுண்ணே. ஞாயித்துக்கெழம வருவாரு, அவர வெச்சிகிட்டே பிரிக்கலாம்னு பாத்தேன். அன்னியோட ஆளையே காணோம். நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்னுதான் ஒம்போது மாசமா ரோசன."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது ஆண்டுகளாக அந்த அம்பாரங்களைக் கடந்து நடந்தவன் நான். அந்தப் பூ இவ்வாறு ஒருவர் கையைப் பின்னுக்கு இழுக்கும் என்பது என் புத்தியில் உறைத்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு, காய்ச்சல்காரனை மருத்துவமனைக்கு இழுப்பதுபோல நம்மவரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு சென்றேன். கடையில் வேறு ஆளில்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மல்லிகா அம்மாள் அட்டையை இறக்கி மேசைமேல் வைத்தார். அது கனத்து, ஈரம் கசிந்து, தவளை போல உட்கார்ந்திருந்தது.

"உங்க முத்திரைதானே? சரியா பாத்துக்கங்க. கலையல."

"கலையலைங்க."

"அப்ப பிரிக்கறேன்."

பிரித்தார். ஓரத்து உப்பெல்லாம் ஐப்பசி ஈரத்தைக் குடித்து உள்ளே கசிந்திருந்தது. மயில் இருந்த இடத்தில் நீலக் குட்டை. வாசகம் இருந்த இடத்தில் ஊதாக் குட்டை. ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. ஒன்றரை ஆண்டு உழைப்பை நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னா எழுதியிருந்தீங்க?" என்றார் அவர்.

முத்திரைக்காரர் கூரையைப் பார்த்தார். பின் அடுப்பைப் பார்த்தார். "பொங்கல் வாழ்த்துங்க."

"இது ஐப்பசி."

"ஆமாங்க."

மல்லிகா அம்மாள் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமில்லண்ணே? நீங்க சொல்லுங்க."

எனக்குத் தெரியும். ஆனால் நாற்பதுக்கு மேற்பட்ட அட்டைகளுக்குக் கருத்துச் சொல்லி ஓய்ந்த என் வாய் அன்று திறக்க மறுத்தது. "அது அவரு எழுதினதும்மா. அவருதான் சொல்லணும்" என்று எழுந்து, வாசலில் போய் மழையைப் பார்த்து நின்றேன்.

ஒரு பேருந்து வந்து நின்று போயிற்று. இட்லிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால், அதுவரை நான் கேட்டிராத அளவு தெளிவான ஒரு குரல் எழுந்தது.

"நான் உங்க கடைக்கு சாப்பிட மட்டும் வரலைங்க."

"அது எனக்கு எப்பயோ தெரியுமே. மூணு இட்லிய முக்கா மணி நேரம் யாருய்யா தின்னுவாங்க?"

இட்லித் தட்டை எடுக்கும் ஓசை கேட்டது. பிறகு, "உள்ள வந்து கை கழுவுங்க. இனிமே பெஞ்சில உக்காந்து சாப்பிட வேணாம்" என்றார் மல்லிகா அம்மாள்.

நம்மவர் அங்கேயே உண்டு, மாலை வண்டிக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். நான் மட்டும் திரும்பினேன். கூட்டமில்லாத பேருந்து, சன்னல் ஓர இருக்கை, பக்கத்தில் எவருமில்லை. எவர் கேள்விக்கும் விடை சொல்லத் தேவையில்லாத இந்த அமைதிக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! மரக்காணம் வந்து சேர்வதற்குள், எதையோ சொல்வதற்காக அந்தக் காலி இருக்கையின் பக்கம் இரண்டு முறை திரும்பிவிட்டேன்.