மாமனாருக்கு நகம் வெட்டும் நாள்

"பேர் என்ன வைக்கலாம்?"

"அவசரப்படாதே. முதல்ல வீட்டைச் சுத்திப் பார்த்து முடிக்கட்டும்."

"பாருங்களேன், சமையலறையை எட்டிப் பார்த்துட்டு மூக்கைச் சுளிக்குது. கட்டிலுக்கு அடியில தூசி இருக்கான்னு சோதிக்குது. இப்போ இருக்கிறதிலேயே நல்ல நாற்காலியாப் பார்த்து உட்கார்ந்தாச்சு."

"எங்க அப்பா ஊர்லேருந்து வந்த மாதிரியே இருக்கு."

"மீசைகூட அப்படியே! அப்போ மாமனார்னே வெச்சிடலாமா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால், மழைக்கு ஒதுங்கி வந்த ஒரு சாம்பல் நிறப் பூனையைப் பார்த்துக் கணவனும் மனைவியும் இப்படிப் பேசி, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒருநாள் திரும்பி வந்து தொண்டையைப் பிடிக்கும் என்று அப்போது யார் கண்டார்கள்?

"அப்பா நாளைக்கு வர்றார். பத்து நாள் இருப்பார்" என்றான் கணவன், பேருந்து ஓட்டுநரின் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி. "பூனை பேரை மாத்திடு."

"பேரென்ன சட்டையா, நினைச்ச நேரத்துல மாத்த?" என்றாள் மருமகள், தையல் இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"நீதானே வெச்சே?"

"உங்க அப்பா மாதிரி இருக்குன்னு சொன்னது நீங்க!"

"எனக்கு நேரமாச்சு" என்று அவன் நழுவிவிட்டான். வண்டி ஓட்டுகிறவனுக்கு எப்போது நழுவ வேண்டும் என்று தெரிந்திருந்தது.

குழப்பம் வராமலிருக்க ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம். இந்தக் கதையில் மாமா என்றால் இரண்டு கால். மாமனார் என்றால் நான்கு கால்.

மாமா ஓர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் இருக்கும். மருந்துச் சீட்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும், கையில் கொடுத்தால் நாலு சுழியாவது போட்டுத்தான் திருப்பித் தருவார். ரோஷக்காரர். தன் மீசையைப் பற்றி உறவுக்காரர் ஒருவர் கேலி பேசினார் என்று, சாப்பாட்டுத் தட்டு கழுவும் முன்பே அந்த வீட்டை விட்டுப் புறப்பட்டவர். மிருகங்கள் ஆகாது. மகன் சின்ன வயதில் நாய்க்குட்டி கேட்டபோது, "வீட்டுக்குள்ள மிருகம்ங்கிறது அச்சுப்பிழை" என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

அத்தை காலமாகி மூன்று வருடமாக, நாலு மணி நேரப் பயண தூரத்தில் தனியாக இருக்கிறார். பூனை வந்த பிறகு இங்கே வருவது இதுவே முதல் முறை. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக் கடிகாரம் பழுது பார்ப்பவர்தான் கதவை உடைத்துத் தூக்கியிருக்கிறார். அதை ஒரு மாதம் கழித்து, பக்கம் நாற்பதில் ஒரு கால்புள்ளி விட்டுப்போனதைச் சொல்வதுபோல் சொன்னார்.

அன்றிலிருந்து மருமகளின் தொண்டையில் ஒரு வாக்கியம் சிக்கிக்கொண்டிருந்தது. 'மாமா, இனிமே இங்கேயே இருந்துடுங்க.' கணவன் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டான். இரண்டு முறையும் "பார்க்கலாம்" என்ற பதில்தான்.

"நீ கேளு. உன் முகத்துக்காக யோசிப்பார்" என்றான் அவன்.

இந்தப் பத்து நாளில் கேட்டுவிடுவது என்றிருந்தாள். அதற்குள் பூனையின் பெயர் அவர் காதில் விழுந்தால் எல்லாம் போச்சு.

அன்று மாலை முழுக்கப் பெயர் மாற்றும் படலம். செல்லம் என்றாள், ராஜா என்றாள், குட்டி என்றாள். மாமனார் காதைக்கூட ஆட்டவில்லை. "மா-ன்னு ஆரம்பிக்கிற பேரா வை. பூனைக்கு முதல் எழுத்துதான் காதுல விழும்" என்று தொலைபேசியில் யோசனை சொன்னான் கணவன். ஆகவே மாதுளை என்று பெயர் வைத்தாள். 'மா' என்றதும் மாமனார் எழுந்தார். 'துளை' என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மாமா வந்தார். பெட்டியை வைத்தார், தோளில் ஒட்டியிருந்த இரண்டு வெள்ளை முடியைத் தட்டிவிட்டார். வயசாகிவிட்டது பாவம், தலைமுடி இப்படிக் கொட்டுகிறதே என்று மருமகளுக்கு மனசு இளகியது.

மதியம் அவள் சமையலறையிலிருந்து, "மாமா, சாப்பிட வாங்க!" என்று குரல் கொடுத்தாள்.

மாமா வந்தார். அவருக்கு முன்னால் மாமனார் வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா இது? என்னைக் கூப்பிட்டா இது வருது?"

"அது… பசி மாமா."

"பேரென்ன இதுக்கு?"

"மாதுளை."

மாமா பூனையைப் பார்த்தார். பூனை மாமாவைப் பார்த்தது. இரண்டு மீசையும் நேருக்கு நேர் நின்றன. "ஆண் பூனைக்கா மாதுளை?" என்று கேட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மூன்று வேளையும் இதே கூத்து. கூப்பிடாமல் நேரில் போய்ச் சொல்லலாம் என்று அவள் ஆரம்பித்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டு டீச்சரின் குரல் எழுந்தது. ஏழு கட்டைக் குரல்.

"ஏம்மா! உங்க மாமனார் மறுபடியும் எங்க பூந்தொட்டியில படுத்துப் புரள்றார்! வந்து தூக்கிட்டுப் போ!"

உள்ளே நாளிதழில் பிழை தேடிக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தினார். மருமகள் வாசலுக்குப் பறந்தாள்.

"அக்கா, மெதுவா! நிஜ மாமனார் உள்ளே இருக்கார். பத்து நாளைக்கு மாதுளைன்னு சொல்லுங்க. மறந்துடாதீங்க!"

"கவலைப்படாதே. மாதுளை, மாதுளை" என்று டீச்சர் பாடம் செய்துகொண்டார். நன்றாகவே பாடம் செய்தார். சாயங்காலம் வாசலில் மாமாவைப் பார்த்ததும் கைகூப்பி, "வாங்க மாதுளை சார், சௌக்கியமா?" என்றார்.

மாமா வீட்டுக்குள் வந்து, கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், பூனை மருத்துவமனையில் கொடுத்த அட்டை நினைவுக்கு வந்தது. 'பெயர்' என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதை எடுத்து, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். நிம்மதியாக மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனாள். கைபேசியைக் கீழே விட்டுப் போனதுதான் தப்பு.

இறங்கி வந்தபோது மாமா கையில் அவளுடைய கைபேசி இருந்தது.

"ஏம்மா, ஒரு பொண்ணு பேசினா. மாமனாருக்கு நகம் வெட்ற நாள் இன்னைக்காமே?"

மருமகள் காலி வாளியைக் கீழே வைத்தாள். "அது… பெரியவங்களுக்குன்னு ஒரு சேவை மாமா. உங்களுக்கு உதவியா இருக்குமேன்னு பேர் கொடுத்து வெச்சேன்."

"புழு மருந்தும் கொடுப்பாங்களாம்."

"நல்லதுதானே மாமா."

"துண்டுல சுத்திக் கூடையில வெச்சுக் கொண்டுவரச் சொன்னா."

"அது ரொம்ப முடியாதவங்களுக்கு."

"போன தடவை நான் டாக்டரைக் கடிச்சுட்டேனாமே?"

"அது… வேற வீட்டு மாமனாரா இருக்கும் மாமா!"

மாமாவின் மீசை ஒரு பக்கம் துடித்தது. கோபம் என்று அவள் நினைத்தாள். அவரோ சட்டென்று எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பால்கனிக்குப் போனார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாரோ?

அன்று மாலை, காபியை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனவள் கதவருகே நின்றுவிட்டாள். மாமா தன் கைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மடியில் மாமனார். மிருகம் ஆகாதவரின் விரல், பூனையின் தாடைக்கு அடியில் சரியான இடத்தில் சொறிந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் கண் அதில் போகவில்லை. காதுதான் கூர்மையாயிற்று.

"மருமகளா? அவளைத்தான் எனக்குத் தெரியுமே… கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா… பாசமெல்லாம் தட்டு நிறையற வரைக்கும்தான்… என் நாற்காலியில உட்கார்ந்தா எழுந்திரிக்கவே மாட்டா, நான்தான் ஸ்டூல்ல உட்காரணும்… ஆமா, வர வர உடம்பும் பெருத்துட்டேதான் போகுது."

காபி தளும்பிக் கையைச் சுட்டது.

காலையில் அவர் கூப்பிட்டது, இயந்திரச் சத்தத்தில் அவள் காதில் விழாதது உண்மை. ஒரு சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டு அவருடைய நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்ததும் உண்மை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். நாடாவும் மாமா பக்கம்தான் பேசியது.

"என்னைப் பத்தி ஊர்ல யார்கிட்டயோ சொல்றாருங்க" என்று கணவனிடம் மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பா முகத்துக்கு நேரா சொல்ற ஆளாச்சே?"

"அப்போ முதுகுக்குப் பின்னால சொல்ற அளவுக்கு நான் மோசமாயிட்டேன்!"

தவறைத் திருத்துவது என்று முடிவு செய்தாள். மறுநாளிலிருந்து நாற்காலிப் பக்கமே போகவில்லை. மாமா இருமினால்கூட ஓடி வந்து நின்றாள். தட்டில் பாதி சாப்பாட்டை ஒதுக்கினாள்.

"ஏம்மா இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றே? ஏன் சரியா சாப்பிடலை?" என்று மாமா முகத்தைச் சுளித்தார். "இந்த வீட்ல யாருக்கும் நிம்மதி இல்லை போலிருக்கே. நான் வந்ததுதான் தொந்தரவோ?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. உட்கார்ந்தாலும் குற்றம், எழுந்தாலும் குற்றம் என்றால் மனுஷி எங்கேதான் போவாள்?

ஆறாம் நாள் காலை. வெள்ளை நூல் எடுக்க இழுப்பறையைத் திறந்தாள். மேலாக, எல்லார் கண்ணிலும் படும்படி, பூனை மருத்துவமனை அட்டை கிடந்தது.

*பூனையின் பெயர்: மாமணார்.*

அந்த 'ண'வைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். ஓரத்தில், முத்து முத்தான கையெழுத்தில், 'ன'.

பார்த்துவிட்டார்! பொத்தான் தைக்க நூல் தேடியிருப்பார். தெரிந்துகொண்டே ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அட்டையும் கையுமாக அவர் அறைக்கு ஓடினாள்.

மாமா பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் ஒரு ஓரமாக மாமனார் படுத்திருந்தார்.

"மாமா…" அட்டையை நீட்டினாள். "மன்னிச்சுடுங்க. விளையாட்டா வெச்ச பேர். அவமரியாதையா நினைச்சு வைக்கலை."

"இதுவா? நீ ஒளிச்சு வெச்ச அன்னைக்கே பார்த்தேனே. மாமனாருக்கு மூணு சுழி ண போட்டிருக்கான். ரெண்டு வருஷமா எப்படிம்மா பொறுத்துக்கிட்டே?"

"அன்னைக்கேவா? அப்போ நகம் வெட்றது… கூடை…"

"டாக்டரைக் கடிச்சது வரைக்கும் தெரியும்."

"உங்களுக்குக் கோபமில்லையா?"

"எழுத்துப்பிழைன்னா கோபம் வரும். இதுல என்ன பிழை? மீசை ஒத்துப்போகுதே."

அவளுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. "அப்போ ஏன் மாமா கிளம்பறீங்க? இன்னும் நாலு நாள் இருக்கே?"

மாமா ஒரு சட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "மருமகளால ஒரு சங்கடம்மா. காலையிலதான் தகவல் வந்தது. இனிமே நான் இங்கே இருக்கிறது சரியில்லை."

திரும்பிய பாதி உயிரும் போய்விட்டது.

"நான் என்ன மாமா பண்ணேன்? கூப்பிட்டா ஓடி வந்தேன். நாற்காலியை விட்டுக்கொடுத்தேன். ரெண்டு நாளா அரை வயித்துக்குத்தான் சாப்பிடறேன்! இன்னும் எப்படி இளைக்கிறது? உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு ஒரு வருஷமா மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு…"

"நீ ஏம்மா இளைக்கணும்?" மாமா ஒன்றும் புரியாமல் விழித்தார். கட்டில் மேல் அவருடைய கைபேசி அடித்தது. அவர் இரண்டு கையிலும் சட்டைகள். "பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரர்தான். கொஞ்சம் எடும்மா. சத்தமா வை, எனக்குக் காது சரியாக் கேட்கலை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

"சார், கிளம்பிட்டீங்களா? பதறாதீங்க, மருமகளுக்கு நல்லபடியா பிரசவம் ஆயிடுச்சு! உங்க நாற்காலியிலேயே நாலு குட்டி. நாலும் தாயை மாதிரியே வெள்ளை வெளேர்னு. எந்த நேரத்துல அந்தப் பூனைக்கு மருமகள்னு பேர் வெச்சீங்களோ, பக்கத்துல யாரையும் நெருங்க விட மாட்டேங்குது!"

மருமகளின் கழுத்திலிருந்து அளவு நாடா நழுவித் தரையில் விழுந்தது. மாமாவின் காது இரண்டும், அவருடைய பென்சிலைப்போலவே சிவந்துவிட்டன. சட்டைகளைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கைபேசியைப் பிடுங்கினார். அவசரத்தில் எதையோ அழுத்த, சத்தம் இன்னும் கூடியது. கடிகாரக்காரரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது:

"அது கிடக்கட்டும் சார். 'பூனையோட வந்தா என்னை உன் வீட்ல சேர்த்துக்குவியாம்மா'ன்னு மூணு வருஷமா என் கடையில வந்து ஒத்திகை பார்த்தீங்களே, இன்னைக்காவது அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா, இல்லையா?"