ரெண்டு விசில் அடித்தால் கிளம்பும் ஆடுகள்

அன்று சாயங்காலம் பட்டிப் படல் முன்னால் நின்றவர்கள்: கண்டக்டர். நான். பால் வண்டிக்காரர். பக்கத்துத் தோட்டத்து சரசக்கா. அப்புறம் வெள்ளாடுகள். வெள்ளாடுகள் எத்தனை என்று நின்றவர் யாருக்கும் தெரியாது. வளர்க்கிறவருக்கே தெரியாது. அதுதான் சங்கதி.

கோயமுத்தூர் ஜில்லாவில் எத்தனையோ பேர் ஆடு மேய்க்கிறார்கள். ஆட்டை ட்ரிப் அடிக்க வைத்தவர் இவர் ஒருவர்தான். யார் வந்து கேட்டாலும் இதைச் சொல்லுவேன்.

அவருக்குப் பேர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. நாங்கள் கூப்பிட்டதில்லை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டர். ஓய்வு பெற்று, கருமத்தம்பட்டிக்கு வடக்கே எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். அதுவரை ஆடுகளைப் பார்த்துக்கொண்டது அவர் சம்சாரம். எங்களுக்கெல்லாம் அக்கா. வந்த மறுவாரமே இவரும் பட்டிக்குள் இறங்கினார். காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. தோல் பையைக் கழற்றவில்லை. விசிலையும் கழற்றவில்லை.

அவர் போட்ட சட்டம் சின்னது. ஒரு விசில் அடித்தால் ஆடு நிற்க வேண்டும். ரெண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். நாங்கள் சிரித்தோம். வெள்ளாடு யார் பேச்சைக் கேட்கும்? அவர் ஒரு மாதம் தொண்டை வறள ஊதினார். கேட்ட ஆட்டுக்கு மக்காச்சோளம். கேட்காத ஆட்டுக்கு முறைப்பு. ரெண்டாம் மாதம் ஆடுகள் நின்றன. கிளம்பின. வளைவு வந்தால் ஓரம் கட்டின.

"ஹேர்பின் பெண்டுல இப்படித்தானுங்க ஒதுங்கோணும்" என்றார்.

எங்கள் ஊரில் இருக்கிற வளைவே ஒன்றுதான். அதிலும் எதிரே வருவது என் மாட்டுவண்டிதான்.

ஆடுகளை அவர் மரியாதை குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. சாயங்காலம் படலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். "உள்ள போங்க, உள்ள போங்க. வழியில நிக்காதீங்க. பின்னாடி எடம் கெடக்குது பாருங்க." ஆடும் பின்னால் பார்த்துவிட்டுத்தான் போகும்.

அக்காவுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் அவர்மேல் கோபம். ஆட்டை எண்ணுவது. எண்ணினால் கண் பட்டுவிடும் என்பாள். எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு அந்த நினைப்பு உண்டு. இவரோ பஸ்ஸில் தலை எண்ணியவர். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று சத்தமாக எண்ணினார். அந்த மழையில் ஆட்டுக்கொல்லி நோய் வந்தது. பட்டி காலி. மிஞ்சியது ஒரே ஒரு கருப்பாடு. அக்கா நாலு நாள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை.

தடுப்பூசி போடாததுதான் காரணம் என்று கால்நடை டாக்டரம்மா சொன்னார். அக்கா ரெண்டுக்கும் வழி செய்தாள். ஊசியும் போட வைத்தாள். இவரிடம் சத்தியமும் வாங்கினாள்.

"ஊசி போட்டாச்சுங்க. இனி நீங்க வாயை மூடுனாப் போதுங்க."

அந்த ஒரு ஆட்டின் வழியில் வந்தவைதான் இப்போது பட்டியில் இருக்கிற எல்லாம். எல்லாம் கருப்பு. எல்லாம் ஒரே சாடை. எல்லாம் விசில் பாடம் படித்தவை.

எண்ணாமல் ஒரு கண்டக்டர் எப்படி இருப்பார்? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் ஒரு ஆடு வெளியே வந்தால் ஒரு மக்காச்சோள மணி தோல் பைக்குள் போகும். சாயங்காலம் ஒரு ஆடு உள்ளே வந்தால் ஒரு சோளம் பையிலிருந்து அந்த ஆட்டின் வாய்க்குப் போகும். பை காலியானால் எல்லாரும் வந்தாயிற்று. ஒரு சோளம் மிஞ்சினால் ஒருத்தர் எங்கோ இறங்கிவிட்டார், தேட வேண்டும். எண் என்று ஒன்று வாயில் வரவே வராது. சத்தியமும் நின்றது, கணக்கும் நின்றது.

நான் ஒரு நாள் கேட்டேன். "ஏனுங்ண்ணா, மூஞ்சியப் பாத்தாவே தெரியாதுங்களா? அக்கா அப்படித்தான சொல்றாங்க?"

"அவளுக்குத் தெரியும் கண்ணு. நான் முப்பது வருசத்துல யாரு மூஞ்சியப் பாத்தேன்? நீட்டற கையைத்தான பாத்தேன்."

போன தையில் கோயமுத்தூர் பக்கம் கணபதியில் அக்காவின் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். ரெண்டு நாள் தங்க வேண்டும். நோய் வந்த பிறகு அவள் வெளியே தங்கியதே இல்லை. நோயில் மிஞ்சிய அந்தத் தாயாடு வேறு நிறைசினை. மினி பஸ் படியில் நின்றுகொண்டு சொன்னாள்.

"ஏனுங், அது எந்நேரம் வேணா ஈனிப்போடும். அதைய மட்டும் பத்தரமாப் பாத்துக்கோங்க. அதுக்கு ஒண்ணுன்னா நான் இனி ஆடே கட்டமாட்டனுங்க. ஒருக்கா அழுதது போதும்."

"போய்ட்டு வா அம்மணி. படியில நிக்காத, உள்ள போ."

முதல் நாள் நன்றாகப் போயிற்று. ரெண்டாம் நாள் சாயங்கால பஸ்ஸில் அக்கா திரும்புகிறாள். அன்று மூன்று மணிக்கு நான் ராகி மூட்டையோடு மினி பஸ்ஸில் ஏறினேன், மில்லில் அரைக்க. ரோட்டோரம் கண்டக்டரின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். பஸ்ஸில் புதுக் கண்டக்டர், மீசை அரும்பிய பையன். டிரைவருக்கு ரெண்டு விசில் கொடுத்தார்.

பஸ் கிளம்பியது. ஆடுகளும் கிளம்பின.

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். கருப்பாகப் பின்னால் ஓடி வருகின்றன. அதற்குப் பின்னால் காக்கிச் சட்டை. அடுத்த நிறுத்தம் வந்தது. பையன் ஒரு விசில் அடித்தார். பஸ் நின்றது. ஆடுகளும் நின்றன. ஒரு பாட்டியம்மா இறங்கினார். ரெண்டு விசில். பஸ்ஸும் ஆடுகளும் கிளம்பின. பஸ்ஸுக்குள் ஒரே ஆரவாரம். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து பார்த்ததில் பஸ்ஸே சாய்ந்தது.

கண்டக்டர் ஓடிக்கொண்டே தன் விசிலை எடுத்து ஒன்று அடித்தார். ஆடுகள் நின்றன. பஸ்ஸும் நின்றது.

"யாருங்க அது விசில் அடிச்சது? ஸ்டாப்பே இல்லாத எடத்துல?" என்றார் பையன். கோபத்தில் ரெண்டு அடித்தார். எல்லாம் மறுபடி கிளம்பின. இவர் ஒன்று. அவர் ரெண்டு. இவர் ஒன்று. அவர் ரெண்டு. டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மூன்றாவது நிறுத்தத்தில் கண்டக்டர் எட்டிப் பிடித்தார். செருப்பு வழியிலேயே அறுந்து போயிருந்தது. தோல் பையை நிறுத்தத்துக் கம்பியில் மாட்டிவிட்டுப் படியில் தாவினார்.

"கண்ணு, உங்களக் கும்படறேன். விசில் அடிக்காதீங்க."

"விசில் இல்லாம வண்டி எப்படிங்க போகும்?"

"தகரத்தத் தட்டுங்க சாமி. நானும் சர்வீஸ்ல இருந்தவன்தான்."

பையன் தட்டினார். நானும் கீழே குதித்தேன். பஸ் போயிற்று. என் ராகி மூட்டையும் பஸ்ஸோடு போயிற்று. திரும்பிப் பார்த்தால் கம்பியில் பை ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் வாய்க்குள் ஒரு கடாவின் தலை. மற்றதெல்லாம் கீழே சிந்தியதைப் பொறுக்கித் தின்கின்றன. ஒரு சோளம் மிஞ்சவில்லை.

அப்படித்தான் ஆறு மணிக்குப் படல் முன்னால் நின்றோம்.

"இருவத்தஞ்சு இருக்குமுங்க" என்றார் சரசக்கா.

"போங்கக்கா. முப்பத்தொண்ணு. நான் டெய்லி பாக்கறனே" என்றார் பால் வண்டிக்காரர்.

"நீ டெய்லி என்னத்தப் பாக்கறன்னு உன் பாலப் பாத்தாத் தெரியுது. தண்ணி அளவே தெரியல, நீ ஆட்டச் சொல்ல வந்துட்டியா?"

கண்டக்டர் காதில் எதுவும் விழவில்லை. "சினையாடு இருக்குதுங்களா? அது இருந்தாப் போதுங்க. வவுத்தத் தடவிப் பாருங்க" என்றார். தடவினோம். ரோட்டோரத்து வேலித் தழையைத் தின்று எல்லாம் புடைத்துக் கிடந்தன. கடா உட்பட எல்லாம் நிறைசினை.

"மடியப் பாருங்க" என்றேன்.

பார்த்தோம். மடி இறங்கிய ஆடு ஒன்றும் இல்லை. நிறைசினை ஆடு மூன்று நிறுத்தம் ஓடுமா? எங்கோ பின்தங்கிவிட்டது. கண்டக்டரின் முகம் வெளுத்துப் போயிற்று. அந்த முகத்தோடு அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருட்டினால் ரோட்டு நாய்கள் வந்துவிடும். ஆறரைக்கு அக்கா வந்துவிடுவாள்.

அவர் ஓடினார். வெறுங்கால். நாங்கள் மூவரும் பின்னால். வழி நெடுக கூப்பிட்டுக்கொண்டே போனோம். சரசக்கா ஒரு பக்கம், பால் வண்டிக்காரர் ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு சத்தம். திடீரென்று ஒரு விசில்.

நாங்கள் மூவரும் அப்படியே நின்றுவிட்டோம். பால் வண்டிக்காரர் தூக்கிய காலைக்கூட இறக்கவில்லை.

அந்த அமைதியில் கேட்டது. ஒரு முனகல். ரோட்டுக்கு வலப்பக்கம் மேய்ச்சலுக்கு விட்ட நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, அடர்ந்த முள். சுற்றிப் போனால் வழி இருக்கிறது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் வேலிக்குள் புகுந்துவிட்டார். சட்டை கிழிகிற சத்தம் கேட்டது.

பிறகு அவர் குரல். "பயப்படாதீங்க. ஒண்ணுமில்லீங்க. மெதுவா, மெதுவா. நான் வந்துட்டனுங்க." எங்களிடம் பேசுகிறார் என்று சரசக்கா "சரிங்கண்ணா" என்றார். அவர் பேசியது ஆட்டிடம்.

முதல் குட்டி வந்திருந்தது. ரெண்டாவது குட்டி கால் மாட்டிக்கொண்டு நின்றது. சரசக்காவுக்குக் கைப்பழக்கம் உண்டு. சுற்றி வந்து உள்ளே கை விட்டுத் திருப்பி இழுத்தார். குட்டி தும்மியது. கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். நாங்களும் தூசி என்றோம்.

குட்டிகளைத் தோல் பைக்குள் வைத்துத் தலையை வெளியே விட்டு, தாயாட்டைப் பக்கத்தில் நடத்தி ரோட்டுக்கு வந்தோம். மினி பஸ் வந்து நின்றது. விசில் இல்லை, தகரத்தில் தட்டு. அக்கா இறங்கினாள். பட்டுச் சேலை. பின்னால் என் ராகி மூட்டை. பையன் வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏனுங், ரெண்டு நாள் நான் ஊட்டுல இல்லீன்னா ஆட்டையெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால ஓட்டிப்போடுவீங்களா?"

 அவர் பையை நீட்டினார். அக்கா பார்த்தாள். தாயாட்டின் நெற்றியைத் தடவினாள். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பட்டியில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். குட்டிகளை மடியில் விட்டாள். அப்புறம்தான் அவர் குதிகாலை ஊன்றாமல் நிற்பதைக் கவனித்தாள்.

"காலக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல அம்மணி."

"காட்டுங்கன்னு சொல்றேன்."

தண்ணித் தொட்டி மேல் அவரை உட்கார வைத்தாள். கீழே உட்கார்ந்து, பட்டுச் சேலை மடியில் அந்தக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தாள். நான் செல்போன் வெளிச்சம் பிடித்தேன். ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு குட்டிகள் பால் குடிப்பதையே பார்த்திருந்தார்.

எடுத்து முடித்ததும், அக்கா விளிம்பில் இருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு, வாய்விட்டு எண்ணினாள்.

பதினொன்று.