பசை காய்வதற்குள் ஓர் அழைப்பு

அன்பு பாதியும் கோபம் பாதியுமாக நான் வளர்த்த தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நான், மருமகள், பூனை மூவரும் சுகம். மகன் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறான், அவனும் சுகமாகத்தான் இருப்பான், ஏனென்றால் அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பேத்தி லீவுக்கு அவள் அம்மா வழிப் பாட்டி வீட்டில் இருக்கிறாள். அங்கே உன் சுகத்துக்கும், முக்கியமாக உன் இடுப்பின் சுகத்துக்கும் எழுது. உன் வீட்டுக்காரர் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு தலைவலிகூட வராது. டைல்ஸ் வந்த பெட்டியின் அட்டையைக் கிழித்து, அளவுக்குக் கோடு போடுகிற பென்சிலால் இதை எழுதுகிறேன். இரண்டு தெரு தள்ளி இருப்பவளுக்கு எதற்குக் கடிதம், போன் பண்ணினால் ஆகாதா என்று கேட்பாய். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. நம் வீட்டில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குப் படிக்க அனுப்பினார்கள், என்னை உனக்குச் சோற்றுப் பாத்திரம் தூக்கிக்கொண்டு வர அனுப்பினார்கள். அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அது தனி வழக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பாத்ரூம் தரைக்குப் புது டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது! ஒட்டியது யார்? நான்! நானும் மருமகளும்! மேஸ்திரி கிடையாது, சித்தாள் கிடையாது. கையெல்லாம் பசை, முழங்கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி வலிக்கிறது, ஆனால் எழுந்து குதிக்கலாம் போல இருக்கிறது. குதிக்கக் கூடாது, பசை காயவில்லை.

நீ கடைசியாக இந்த வீட்டுக்குள் வந்த நாள் உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. பச்சைப் புடவை கட்டியிருந்தாய், அதன் ஓரம் பிரிந்திருந்தது, பிரிந்திருக்கிறது என்று நான் சொன்னதற்கு இதுதான் இப்போ ஃபாஷன் என்றாய். கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று பாத்ரூமுக்குள் போனவள் அந்த மினுமினுப்புத் தரையில் வழுக்கி ‘அம்மா!’ என்று கத்தினாய். அக்கா என்று கத்தவில்லை, அதையும் கவனித்தேன். உன் வீட்டுக்காரர் உன்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று தெருவே கேட்கும்படி, “இந்த வீட்டு பாத்ரூம்ல இனிமே எங்க வீட்டு ஆளு ஒருத்தரும் காலை வெக்க மாட்டோம்!” என்றார். பெரிய தச்சராம், வார்த்தையையும் உளியால் செதுக்குவார். நான் மட்டும் சும்மா விடுவேனா? “அந்த பாத்ரூமுக்குக் கதவு போட்டதே நீங்கதான், மழைக்காலத்துல அது சாத்தறதுக்குள்ள எனக்கு உயிர் போகுது. இனிமே ஒரு ஆணி அடிக்கக்கூட உங்களைக் கூப்பிட்டா என்னை ஏன்னு கேளுங்க!” என்றேன். அதோடு சரி. அதற்கப்புறம் என் பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்தவள் வாசலிலேயே நின்று கேக்கைத் தின்றுவிட்டுக் கிளம்பினாய். “பாத்ரூம் வேணாம்னா ஹாலுக்காவது வாடி” என்றேன். “இந்த வயசுல எனக்கு அடிக்கடி போகணும்க்கா. ஹாலுக்கு மட்டும் வந்து என்ன பண்றது?” என்றாய். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கூடப்பிறந்தவள் என் வீட்டு வாசலில் நின்று தின்றுவிட்டுப் போகிறாள் என்றால், காரணம் ஒரு தரை. ஒரு தரை நம் இரண்டு பேரையும் பிரிக்குமா? பிரித்துவிட்டதே!

போன வாரம் ஒரு டைல்ஸ் மூலையில் பெயர்ந்துகொண்டது. மருமகள் கரண்டிக் காம்பை விட்டு நெம்பினாள். அடியில் பார்த்தால், நாலு மூலைக்கு நாலு உருண்டை சிமெண்ட், நடுவில் ஒன்று, மற்றதெல்லாம் காலி! எறும்பு குடித்தனம் நடத்துகிறது. அந்தப் பழைய மேஸ்திரியை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதே பென்சிலை வீடு முழுக்கத் தேடுவான். “உங்க காலத்துக்கு அப்புறமும் இருக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போனான். என் காலம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, அவன் டைல்ஸின் காலம்தான் முடிந்துவிட்டது. அவனை மறுபடி கூப்பிடலாம் என்று மகன் சொன்னான். நான் சரி என்று தலையாட்டினேன். மகன் பெட்டியோடு ரயில் ஏறியதும் மருமகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், “மேஸ்திரி பின்னால வர்றாராம்மா?” என்றார். “முன்னாலதான் நிக்கிறேன்” என்றேன். முதலில் ஒரு வாளியைத் தூக்கி வைத்து, கலக்கிய பசை, அப்படியே பூச வேண்டியதுதான், பெண்களுக்குச் சுலபம் என்றார். மூடியைத் திறந்து விரலால் தொட்டேன், வெண்ணெய் மாதிரி இருந்தது. இது தினமும் தண்ணீர் நிற்கிற தரைக்குத் தாங்குமா என்று கேட்டேன். மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு, “அது வந்து... தண்ணி படாத சுவத்துக்கு நல்லா பிடிக்கும்மா” என்கிறார்! தண்ணீர் படாத பாத்ரூம் எந்த ஊரில் இருக்கிறது? அப்புறம்தான் உள்ளேயிருந்து மூட்டையில் வருகிற தூளை எடுத்தார். பழைய டைல்ஸ் மேலேயே புதிதை ஒட்டுகிற பசையாம். “மொத்தத்தையும் ஒடைக்க வேணாம் பாட்டிம்மா. தட்டிப் பாருங்க, காலியா சத்தம் வர்றதை மட்டும் பேத்து அடைச்சிடுங்க. மிச்சத்துல பளபளப்பு போற வரைக்கும் தேயுங்க, அப்பதான் பிடிக்கும். தரை மட்டும் கொஞ்சம் ஒசரும், அதைப் பாத்துக்கங்க” என்றார். “ஒசரட்டுமே, இந்த வயசுல அவ்வளவு தூரம் குனியறது மிச்சம்” என்றேன். கடையே சிரித்தது.

டைல்ஸ் எடுத்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் தரையில் வைத்து, என் பாட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றி, சோப்பையும் தடவி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். “அத்தை, எல்லாரும் பாக்கறாங்க” என்று மருமகள் கையைப் பிடித்தாள். “பாக்கட்டும், விழப்போறது அவங்க இடுப்பா?” என்றேன். கடைசியில் சொரசொரப்பாக ஒன்று அகப்பட்டது, பூனை நாக்கு மாதிரி. நிறம் சாம்பல். எனக்குச் சாம்பல் பிடிக்காது, உனக்குத்தான் பிடிக்கும். அதனால் அதையே எடுத்தேன்.

பசையை இழுக்கப் பல் வைத்த கரணை என்று ஒன்று உண்டு, தெரியுமா? ஒரு ஓரம் சீப்பு மாதிரி இருக்கும். சின்னப் பல், பெரிய பல் என்று ரகம் ரகமாகத் தொங்குகிறது. மருமகள் சின்னப் பல்லை எடுத்தாள், பசை மிச்சமாகுமாம். பெரிய டைல்ஸுக்குப் பெரிய பல்தான் வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி எறும்புதான் குடிவரும் என்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பெரியதை எடுத்தேன். இடைவெளிக்கு வைக்கக் கூட்டல் குறி மாதிரிப் பிளாஸ்டிக், ரப்பர் சுத்தியல், தரை சமமா என்று காட்டுகிற ரசமட்டம் எல்லாம் வாங்கினோம். அந்த ரசமட்டத்தின் நடுவில் ஒரு குமிழி உட்கார்ந்திருக்கிறது பார், அதைப் போல நேர்மையான ஆளை நான் நம் சொந்தக்காரர்களில் பார்த்ததில்லை.

காலி இடங்களை நேற்றே அடைத்து, மிச்சத்தைத் தேய்த்து வைத்துவிட்டோம். இன்று காலையில் ஒட்ட ஆரம்பித்தோம். முதல் வாளியில் மருமகள் தூளைக் கொட்டிவிட்டு அதன் தலையில் தண்ணீரை ஊற்றினாள், எல்லாம் கட்டி கட்டியாகிவிட்டது. அடுத்த வாளியில் தண்ணீர் முதலில், தூள் பிறகு. கலக்கி, சும்மா வைத்து, மறுபடி கலக்கினதும் கரணையைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்தது பார், நான் கை தட்டிவிட்டேன்! பசையைத் தடவிச் சீப்பால் வாரின மாதிரி வரி வரியாக இழுத்து, டைல்ஸின் முதுகிலும் கொஞ்சம் பூசி, வைத்துத் தட்டினேன். உடனே அதைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டு இடம்கூடக் காலி இல்லை! அந்தக் காதில் பென்சில் வைத்தவன் வந்து பார்க்க வேண்டும். அதை மறுபடி வைப்பதற்குள் பூனை வந்து பசையில் நடந்துவிட்டது. அதைத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன். எங்கே ஆரம்பிப்பது என்பதில் மட்டும் எனக்கும் மருமகளுக்கும் சண்டை. “அத்தை, உள் மூலையில ஆரம்பிச்சுக் கதவுப் பக்கம் வந்து முடிக்கணும்னு வீடியோல சொல்றாங்க” என்றாள். “வீடியோக்காரன் தங்கச்சியா வரப்போறா? என் தங்கச்சி மொதல் கால் வெக்கிற எடத்துல முழு டைல்ஸ் இருக்கணும். வெட்டின துண்டெல்லாம் உள் மூலைக்குப் போகட்டும்” என்று கதவடியிலேயே ஆரம்பித்தேன். முழுசு முழுசாக, வரிசை பிசகாமல், குமிழியைக் கேட்டுக் கேட்டு, தண்ணீர் போகிற பக்கம் லேசாகச் சாய்வு விட்டு, உள்ளே உள்ளே வந்து கடைசித் துண்டைக் கமோடுக்குப் பக்கத்தில் பதித்தோம். பேத்தியின் கோலிக்குண்டை உருட்டிவிட்டேன், அப்படியே ஓடிப்போய் ஓட்டைக்குள் விழுந்தது. அது போகட்டும், வேறு கோலி வாங்கிக்கொள்ளலாம்.

ஆகையால் இதன்மூலம் உன்னை அழைக்கிறேன். வந்து ஒரு வாரம் இரு. ஹாலுக்கும் வா, பாத்ரூமுக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போ, சோப்பைத் தரையில் தேய்த்துவிட்டு நட, ஆடு, விழ மாட்டாய். உன் வீட்டுக்காரர் மட்டும் வர வேண்டாம். அவரை ஒன்றுக்கும் கூப்பிட மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான், என் உடம்பில் உயிர் உள்ளவரை மாற மாட்டேன்.

உன் இடுப்பு இரும்பாகவும் கால் வேராகவும் இருக்க வாழ்த்தும்,
உன் ஒரே அக்கா.

பின்குறிப்பு: கடிதத்தை மருமகளிடம் படிக்கக் கொடுத்தேன். “எல்லாம் எழுதிட்டு முக்கியமானதை விட்டுட்டீங்களே அத்தை” என்கிறாள். சரி, எழுதுகிறேன். கடைசித் துண்டைப் பதித்துவிட்டு நிமிர்ந்தபோது இவள், “அத்தை, இந்தக் கதவு எந்தப் பக்கம் தெறக்கும்?” என்று கேட்டாள். உள்பக்கம்தான் திறக்கும், உன் வீட்டுக்காரர் மாட்டியது அப்படி. இப்போது தரை உயர்ந்துவிட்டது. கதவடியில் பதித்த என் முழு டைல்ஸ் கதவின் அடி விளிம்பைவிட ஒரு விரல் மேலே நிற்கிறது, கதவு அசையவில்லை. அசைந்தாலும் நாளை வரை தரையில் கால் வைக்கக் கூடாது. நான் கமோடு மூடிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன், மருமகள் மூலையில் துணி துவைக்கிற கல்மேல் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறாள். போன் சமையலறையில். அவ்வப்போது அடிக்கிறது, மகனாகத்தான் இருக்கும். ஜன்னல் வழியாகத் தண்ணீர் கேன் போடுகிறவரைக் கூப்பிட்டேன். “வெளியேருந்து ஓங்கித் தள்ளட்டுமா பாட்டி?” என்றார். “தள்ளினா என் டைல்ஸ் பேந்துடும், உன் கையை ஒடிச்சிடுவேன்” என்று சொல்லி, இந்த அட்டையை அவர் கையில் போடுகிறேன், அடுத்து உன் தெருவுக்குத்தான் வருகிறார்.

உன் வீட்டுக்காரரை ரம்பத்தோடு உடனே அனுப்பு. பின்கதவு திறந்துதான் இருக்கிறது. கதவின் அடியை இரண்டு விரல் அறுத்தால் போதும், வெளியே நின்றே அறுக்கலாம், பாத்ரூமுக்குள் கால் வைக்க மாட்டேன் என்ற அவர் சபதம் கெடாது. என் சொல்லும் கெடவில்லை. ஆணி அடிக்கத்தான் கூப்பிட மாட்டேன் என்றேன், அறுக்கக் கூப்பிட மாட்டேன் என்று எப்போது சொன்னேன்? நீயும் கூடவே வா. கதவு திறந்து, பசை காய்ந்து, அந்த முழு டைல்ஸில் முதல் காலை நீதான் வைக்க வேண்டும், அதுவரை ஹாலில் உட்கார்ந்து கதவு வழியாக என்னோடு பேசிக்கொண்டிரு. கிளம்புவதற்கு முன் மட்டும் மறக்காமல் உன் வீட்டிலேயே ஒரு தடவை போய்விட்டு வா. இங்கே உள்ளே ஆள் இருக்கிறது.