மூணு ஃபேன் கார்டும் உயர்மட்டக் குழுவும்

முதன்முதலில் நெருப்பைக் கண்டவன், எந்த நெருப்பு நல்ல நெருப்பு என்று நாலு பேர் எழுதிய விமர்சனத்தைப் படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தால் அவனுக்குக் கை சுட்டிருக்காது. என்ன, நாம் இன்னும் பச்சைக் கிழங்கைத் தின்றுகொண்டிருப்போம், அவ்வளவுதான். இப்படி அவசரக்காரர்கள் மலிந்த மனித குலத்தில், ஒரு பொருளை வாங்குமுன் ஆராய்வதற்கென்றே அவதரித்தவர் அயனம்பாக்கம் ஏரிக்கரை ஃபிளாட்டில் வசிக்கும் ஜாபஸ். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அது சம்பளத்துக்கு. ஆராய்ச்சி ஆத்ம திருப்திக்கு. அவர் ஒரு மிக்ஸியைத் தேர்ந்தெடுப்பதற்குள் எதிர் ஃபிளாட்டில் ஒரு குழந்தை பிறந்து, அதற்கு மொட்டையும் அடித்துவிட்டார்கள்.

இப்போதைய விஷயம் மிக்ஸியைவிடப் பெரியது. மனைவி ரியா வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறாள். மாதா கோயிலில் பழக்கமான ஞானகுமாரி அக்கா தன் மகள் கல்யாண வீடியோவை நம்பிக் கொடுத்திருந்தார். நன்றாக அமைந்தால், அக்காவின் தம்பி பூந்தமல்லியில் நடத்தும் ஸ்டூடியோவின் எடிட்டிங் வேலை மொத்தமும் ரியாவுக்கு. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் அந்த வீடியோவைத் திறந்தாலே திக்கித் திணறியது. ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகினால் படம் தடங்கலில்லாமல் ஓடும். போனஸில் முப்பதாயிரம் ஒதுக்கினார்கள். அதற்கு மேல் கிடையாது.

"நானே போய் வாங்கிகினு வந்துர்றேன்," என்றாள் ரியா.

ஜாபஸ் பதறிப்போனார். "நீயா? இன்னான்னு கேட்டு வாங்குவ?"

"கார்டுன்னு."

இந்தப் பாமரத்தனத்தைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தையில் 'ஸ்டார்ம்' இருக்கிறது, 'ஸ்டார்ம் பிளஸ்' இருக்கிறது, 'ஸ்டார்ம் பிளஸ் ஓசி' இருக்கிறது, 'ஸ்டார்ம் பிளஸ் ஓசி எலைட்' இருக்கிறது. எல்லாவற்றுக்குள்ளும் ஒரே சிப்தான். ஒன்றில் இரண்டு ஃபேன், இன்னொன்றில் மூன்று. ஒன்றில் விளக்கு எரியும், இன்னொன்றில் கலர் கலராக எரியும். வேகத்தில் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு. மனிதனின் மேன்மையே அந்த இரண்டில்தான் இருக்கிறது என்பது ஜாபஸின் கொள்கை.

உடனடியாகத் 'தொழில்நுட்ப உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் ஜாபஸ். உறுப்பினர்கள், ஆபீஸ் நண்பர் எத்திராஜும் மேல் ஃபிளாட்டு ஜெகதீஷும். ஞாயிறுதோறும் மொட்டை மாடியில், ஏரிக்காற்றில், குழு கூடியது. வீட்டில் வீடியோ எடிட் செய்யத் தெரிந்த ஒரே ஆள் என்ற முறையில் ரியாவுக்குப் பஜ்ஜித் துறை வழங்கப்பட்டது.

"ரெண்டு ஃபேன் போதும் மச்சான். மூணாவது சும்மா சுத்திகினு கீது," என்றார் எத்திராஜ்.

"அடிக்கிற வெயிலுக்கு ரெண்டு ஃபேனா? எங்க ஊட்லயே ரெண்டு பத்தல மாமே!" என்றார் ஜெகதீஷ்.

எத்திராஜ் வெளிநடப்பு செய்தார். அந்நேரம் பஜ்ஜி சூடாக வந்ததால் உள்நடப்பும் செய்தார்.

அடுத்து, கரையான்சாவடி அப்துல் ரசாக்கின் கம்ப்யூட்டர் கடையில் 'கள ஆய்வு'.

"பாய், இந்த ஓசின்னா இன்னா?" என்றார் ஜாபஸ்.

"ஓவர் க்ளாக் சார். வேகத்தக் கொஞ்சம் ஏத்தி வுட்டுக்கீறான். பேருதான் ஓசி, காசு ஜாஸ்தி."

"எது நல்லது?"

"எத எடுத்தாலும் ஓடும் சார்."

ஓடும் என்பதெல்லாம் ஒரு பதிலா? கடைக்காரருக்கு விஷயஞானம் போதாது என்று குழு ஏகமனதாகக் கருதியது. ஜாபஸ் வீட்டுக்கு வந்து, வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிய முன்னூறு விமர்சனங்களையும் கரைத்துக் குடித்தார்.

இதற்கிடையில் பூசை முடிந்து வெளியே வந்த ரியாவை ஞானகுமாரி அக்கா மடக்கினார்.

"ஏம்மா, கல்யாண வீடியோ கேட்டேன். இப்ப பொண்ணு முழுகாம கீறா. வர்ற ஞாயித்துக்கெழம பூசைக்குள்ள குடுக்கலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். தப்பா நெனச்சிக்காத."

அன்றே அவசரக் கூட்டம். மூன்று ஃபேன் ஓசி எலைட் வெற்றி பெற்றது. முப்பதாயிரத்தில் மிஞ்சியது பெட்ரோல் காசு மட்டுமே.

கார்டை ஜாபஸ் தம் கையாலேயே செருகினார். பெட்டியை மூடி, கழற்றி வைத்திருந்த வயர்களை எல்லாம் பயபக்தியோடு இருந்த இடத்திலேயே மாட்டினார். மூன்று ஃபேனும் சுற்றின. கலர் கலராக விளக்கு எரிந்தது. வீடியோ ஓடியது.

"வெண்ண மாரி போவுது மாமே!" என்றார் ஜெகதீஷ்.

"எங்க போவுது? ஃபாதர் தூக்குன கைய இன்னும் எறக்கவேயில்ல," என்றாள் ரியா.

"அது நிக்கல. ஆசீர்வாதம் பண்றாரு," என்றார் ஜாபஸ்.

"ரெண்டு ஃபேன்ல இந்த ஆசீர்வாதம் வராது," என்று கட்சி மாறிய எத்திராஜும் ஒப்புக்கொண்டார். பழைய திணறலுக்குப் பழகிய கண், புதிய வேகத்துக்குப் பழகச் சில நாள் பிடிக்கும் என்று ரியாவுக்கு விளக்கப்பட்டது. ஜாபஸ் உட்கார்ந்த இடத்திலேயே ஐந்து நட்சத்திர விமர்சனமும் எழுதிப் போட்டார்.

சனிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், திரையில் ஃபாதர் கையை இறக்கிவிட்டிருந்தார். மோதிரம் மாற்றினார்கள், கேக் வெட்டினார்கள், ஒரு திக்கல் இல்லை. ஜாபஸுக்குப் புல்லரித்தது. "பாத்தியா, கண்ணு பழகிச்சு!" ரியா அன்று ராத்திரியே எடிட்டிங்கை முடித்தாள். மறுநாள் பூசைக்கு முன்பே வீடியோ கைமாறியது. அக்கா அதைப் போனில் பார்த்து அழுதார், ஸ்டூடியோ வேலையும் உறுதியானது.

அன்று மாலை மொட்டை மாடியில் வெற்றிக் கூட்டம். பஜ்ஜி வரவில்லை. ரியா வந்தாள், கையில் போனோடு.

"'செருகிய நொடியிலிருந்தே வெண்ணெய். மூன்றாவது ஃபேனின் அருமை பார்த்தவர்களுக்கே புரியும்.' இது நீ எழுதுனதுதான ஜாபஸ்?"

"நாந்தான்." ஜாபஸ் காலரைச் சரிசெய்துகொண்டார். "நூறு பேரு உபயோகமா இருந்துச்சுன்னு சொல்லிக்கீறாங்க."

"நேத்து மேசைக்குப் பின்னாடி பெருக்கசொல்ல பாத்தேன். மானிட்டரு வயர நீ கம்ப்யூட்டரோட பழைய ஓட்டையிலயே மாட்டி வச்சிருந்த. புதுக் கார்டோட ஓட்டைங்கள்ல மூடியே கழட்டல. நாந்தான் மாத்திச் சொருவுனேன். அப்பதான் கம்ப்யூட்டரு, புதுசா ஒரு கார்டு வந்திருக்குது, வேல செய்யச் சொல்லவான்னு கேட்டுச்சு. அதுவரிக்கும் உன் மூணு ஃபேனும் காத்துதான் வாங்கிகினு இருந்துச்சு."

எத்திராஜ் தம் செருப்பைத் தேடினார்.

"இந்தக் கார்ட எப்டி முடிவு பண்ண?" என்றாள் ரியா.

"முன்னூறு பேரு எழுதுனதப் படிச்சு," என்றார் ஜாபஸ், இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்த பெருமையோடு.

"அந்த முன்னூறு பேரும் வயர எந்த ஓட்டையில சொருவிகினு எழுதுனாங்க?"