மெத்தையில் அமுங்கிய 'மாட்டன்'

எனக்குச் சண்டை தெரியாது. பள்ளிக்கூடத்தில் அடி விழப்போகிறது என்று தெரிந்தாலே கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிட்டு அழத் தொடங்குகிற ரகம் நான். இதை இப்போது ஒப்புக்கொள்வதற்குக் காரணம், 2012இல் இதற்கு நேரெதிரான ஒரு கதையை என் வருங்கால மாமனாரிடம் அவிழ்த்துவிட்டதுதான்.

அப்போது சிட்னி மெரிலேண்ட்ஸில், தற்காலிக விசாவில் இருந்தேன். ஒரு ஜிம்மில் மல்லுக்கட்டுகிறவர்கள் உருளும் மெத்தைகளைத் துடைப்பது என் வேலை. காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். பக்கத்து பேக்கரியில் வேலை செய்த ரீற்றாவை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது (ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் யோசிக்கத் தொடங்கிவிடுவாள்). சிக்கல் அவளுடைய அப்பா மனுவல் அங்கிள். மன்னாரில் கடலுக்குப் போனவர். என் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டினாலும் அவருடைய ஒரு மணிக்கட்டுக்கு வராது.

முதல் சந்திப்பிலேயே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு நேரெதிரே இருந்தார்.

"தம்பி, என்ன வேலை செய்யிறீர்?"

"ஜிம்மில, அங்கிள்."

"ஜிம்மில என்ன?"

"மெத்தையிலதான் அங்கிள். ரெண்டு வருசமா." (பொய் இல்லையே!)

"அப்ப மல்லுக்கட்டத் தெரியும்?"

"ஓம் அங்கிள்."

அந்த 'ஓம்'தான் பொய். வாயிலிருந்து தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அங்கிள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மேலிருந்து கீழ் அதிக தூரம் இல்லையாதலால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"என்ர பிள்ளையைப் பயந்தாங்கொள்ளியிட்ட குடுக்க மாட்டன் தம்பி. ஒருநாள் வந்து பாக்கிறன். பாத்துப்போட்டு முடிவு சொல்லுறன்."

அவர் வந்து பார்ப்பதற்குத் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள்! அன்றைக்குத்தான் ஜப்பானிலிருந்து மாஸ்டர் வந்திருந்தார். (பெயர் வேண்டாம், மாஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம்.) யூடோவில் தொடங்கி, கூண்டுக்குள் நடக்கும் கலப்புச் சண்டைக்கு வந்தவர். குத்துவதும் உதைப்பதும் அவருக்கு ஏதோ கடமைக்கு. எதிராளியைக் கீழே கொண்டுபோய்க் கையைப் பிடித்து முறுக்கிப் பூட்டுப் போடுவார். அவன் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார். அவருடைய வெற்றிகள் அனேகமாக எல்லாமே அந்தக் கைப்பூட்டில் வந்தவை. நான் அவருடைய பழைய சண்டைகளை யூடியூப்பில் பார்த்துப் பார்த்து, துடைப்பத்துக்குப் பூட்டுப் போட்டுப் பழகியிருக்கிறேன். ஆனால் முழங்கால் இரண்டும் போய், கடைசியாகச் சில சண்டைகளில் வரிசையாகத் தோற்றிருந்தார். அன்று பின்னேரம் சிட்னி கிளப் ஒன்றில் நடக்கவிருந்ததுதான் கடைசிச் சண்டை, அதோடு விடைபெறுகிறேன் என்று சொல்லியிருந்தார். காலையில் எங்கள் ஜிம்மில் ஒரு செய்முறை விளக்கம்.

ஜிம் முதலாளி டேரன், "மாஸ்டரின் பூட்டில் ஒரு நிமிடம் தாங்கக்கூடியவர் யாராவது உண்டா?" என்று கேட்டார். எல்லோரும் தங்கள் கால்விரல்களைப் பார்த்தார்கள். நான் மூலையில் துடைப்பத்தோடு நின்றேன். அப்போது வாசலிலிருந்து ஒரு குரல்.

"திஸ் போய்! டூ இயர்ஸ்!"

மனுவல் அங்கிள். என்னைத்தான் காட்டினார். பக்கத்தில் ரீற்றா, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு.

டேரன் என்னைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார். நான் கண்ணாலேயே அவர் காலில் விழுந்தேன். அவர் நல்ல மனிதர், காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருக்கலாம். "தாங்க முடியாவிட்டால் மூன்று தரம் கையால் தட்டு, உடனே விட்டுவிடுவார்" என்று காதுக்குள் சொல்லி அனுப்பினார்.

மாஸ்டர் குனிந்து வணங்கினார். நானும் வணங்கினேன். நிமிர்வதற்குள் நான் கீழே கிடந்தேன். என் வலக்கை என்னுடையதாக இல்லை. முகம் மெத்தையில் அமுங்கியிருந்தது (காலையில் நானே துடைத்தது, அதுவரை நல்லது). தட்டிவிடலாம் என்று இடக்கையைத் தூக்கினேன். அங்கிளின் சப்பாத்துக் கால் கண்ணுக்கு நேரே தெரிந்தது.

"தம்பி, கை முறியப்போகுது! விட்டிடும்!"

எனக்குள் எங்கிருந்தோ ஒரு ரோஷம் கிளம்பியது. முறிந்தால் முறியட்டும், ரீற்றா இருக்கிறாள், மற்றக் கை இருக்கிறது. தூக்கிய கையை இறக்கிக்கொண்டு கத்தினேன்.

"மாட்டன்! மாட்டன்!"

மாஸ்டர் உடனே கையை விட்டார். எழுந்து நின்று வணங்கினார். கூட்டம் கைதட்டியது. பதினொரு விநாடி.

ஏன் விட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. டேரனிடம், "இன்னொருதரம்" என்றேன். (விதி!) மறுபடியும் மெத்தை, மறுபடியும் பூட்டு. இந்தமுறை தமிழே வேண்டாம், ஆஸ்திரேலியனாகவே மறுத்துவிடுவோம் என்று, "நோ, மேட்! நோ, மேட்!" என்று கத்தினேன். மாஸ்டர் இன்னும் வேகமாக விட்டார்.

டேரன் சிரித்துச் சிரித்து மெத்தையிலேயே இருந்துவிட்டார். மூச்சு வந்தபிறகு சொன்னார்: ஜப்பானிய மொழியில் 'மைத்தா' என்றால் தோற்றேன், விட்டுவிடு. 'மத்தே' என்றால் நிறுத்து. முகத்தை மெத்தையில் அமுக்கிக்கொண்டு 'மாட்டன்' என்றோ 'மேட்' என்றோ நீங்களும் சொல்லிப் பாருங்கள், நான் பட்ட பாடு தெரியும். நான் வீரமாக மறுத்தது அவருக்குச் சரணாகதியாகக் கேட்டிருக்கிறது. உலகத்தில் உள்ள இத்தனை சொற்களில் எனக்கென்று அகப்பட்ட சொல்லைப் பாருங்கள்!

'மாட்டன்' என்றால் என்ன என்று நான் சொன்னதும், டேரன் விஷயத்தை மாஸ்டருக்கும் விளக்கினார். அவர் கண்கள் விரிந்தன. "மாட்டன்… நோ கிவ் அப்?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். மிட்டாய் கிடைத்த பிள்ளைபோல, "மாட்டன், மாட்டன்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, உண்மையைச் சொல்லும். எவ்வளவு காலம் பழகினனீர்?"

"பழகேல்ல அங்கிள். நான் இந்த மெத்தையளைத் துடைக்கிறனான்."

அவர் திரும்பிக் கதவை நோக்கி நடந்தார். ரீற்றாவின் கண் கலங்கிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு அழுகை வந்தது. கை வலியால் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். கதவடியில் நின்று அங்கிள் திரும்பினார்.

"பின்னேரம் சண்டைக்கு உம்மட்ட ரிக்கற் இருக்கோ?"

இருந்தது. டேரன் தந்த மூன்று டிக்கெட். மூவரும் முன்வரிசையில் இருந்தோம். மாஸ்டர் அன்று நன்றாகவே சண்டை பிடித்தார். இரண்டாவது சுற்றில் அந்த இளம் எதிராளி, மாஸ்டருடைய கைப்பூட்டையே மாஸ்டருக்குப் போட்டுவிட்டான். அவர் முகம் சிவந்தது. தட்டுவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தட்டவில்லை. தலையைத் திருப்பினார், என்னைக் கண்டார், பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார்.

"மாட்டன்!"

"அப்பிடிச் சொல்லு!" என்று அங்கிள் கதிரையை விட்டு எழும்பினார்.

அதே கணத்தில் மாஸ்டரின் மூலையிலிருந்து முகம் துடைக்கும் ஒரு வெள்ளைத் துவாய் பறந்து வந்தது. மூலையில் நின்ற உதவியாளர் துவாயை எறிந்தால் சண்டை முடிந்தது, தோல்வி. அந்த உதவியாளர் மாஸ்டரின் சின்ன வயதுக் கூட்டாளி. பாவம், அவருக்கு ஜப்பானிய மொழி மட்டும்தான் தெரியும். 'மைத்தா' என்று நண்பன் கதறுவதைக் கேட்டால் வேறு என்ன செய்வார்?

என் பொய் என்னைக் கவிழ்த்தது போதாதென்று, ஒரு பெரிய மனிதரின் கடைசிச் சண்டையையும் கவிழ்த்துவிட்டது. மாஸ்டர் எழுந்து துவாயைப் பார்த்தார், கூட்டாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்தபிறகு அங்கிளும் சிரித்தார், கண்ணீர் வழிய, என் தோளைப் பிடித்துக்கொண்டு. மன்னாரை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து அப்பா இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை என்று ரீற்றா பிறகு சொன்னாள்.

வெளியே வந்ததும் அங்கிள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குச் சொன்னது பொய், தம்பி. அதுக்கு உமக்குப் பிறகு இருக்கு. ஆனா கை முறியிற நேரத்தில மாட்டன் எண்டனீரே, அது பொய் இல்லை. நான் பக்கத்தில நிண்டு பாத்தனான்."

இப்போது மாஸ்டர் தன் ஊரில் பிள்ளைகளுக்கு யூடோ சொல்லிக்கொடுக்கிறார். புதுவருடத்துக்கு வாழ்த்து அட்டை வரும். அதில் இருப்பது ஒரேயொரு சொல், எது என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் செத்துப்போய்விட்டது. போன வாரம்கூட ரீற்றா குசினியிலிருந்து, "குப்பைவாளியை வெளியில வையுங்கோவன்" என்றாள்.

"மாட்டன்" என்றேன்.

"டாட் கேவ் அப்!" என்று மகள் கத்தினாள். ரீற்றா வெளியே வந்து இடுப்புவரை குனிந்து வணங்கினாள். கதிரையில் இருந்த அங்கிளும் எழும்பி வணங்கினார். நானும் பதிலுக்கு வணங்கிவிட்டு, குப்பைவாளியைத் தள்ளிக்கொண்டு போனேன்.