இரட்டைக் குழலும் ஈய உருண்டையும்

மாமனார் வீட்டில் நாலு பேர் நம்மை மரியாதையாகப் பார்த்துவிட்டால் வாய் சும்மா இருப்பதில்லை. எனக்கு அந்த வியாதி கல்யாணமான முதல் வருஷமே முற்றிவிட்டது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நான் சேலத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மாமனாருக்குச் சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில் தோட்டமும் ஆட்டுப்பட்டியும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவரிடம், அவர் ஒரு பழைய இரட்டைக் குழல் ரைபிளை வாங்கியிருந்தார். ஆடிக்கு நான் விருந்து போயிருந்தபோது மலையிலிருந்து ஒரு சிறுத்தை இறங்கி வந்து பட்டியில் ஆடு தூக்கிக்கொண்டிருந்தது. ரைபிளோ சண்டித்தனம் பண்ணியது. புளியமரத்தில் கரிக்கோடு போட்டுச் சுட்டால் வலது குழல் குண்டு கோட்டில் படும். இடது குழல் குண்டு அடுத்த மரத்துக்குப் போகும்.

"தோட்டா விக்கறவன் ஏமாத்திப்போட்டானுங்களா மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். (சொல்லியிருந்தால் நானும் ஒரு கௌரவமான மருமகன்.) வக்கீல் அறையில் கிடந்த வேட்டைப் பத்திரிகை ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன்.

"மாமா, பழைய சீமைத் துப்பாக்கியில வெளியே வெட்டியிருக்கற நம்பர் ஒண்ணு, உள்ளே இருக்கற துளை ஒண்ணு. ஒரே துப்பாக்கியில ரெண்டு குழலுக்கும்கூட மயிரிழை வித்தியாசம் இருக்கும். துளை பெருசாகி குண்டு சிறுசாப் போனா, குண்டு ஆடிக்கிட்டே போகும். அளந்து பாத்துத்தான் குண்டு வாங்கணும்."

மாமனார் அசந்துபோனார். "அளந்துருங்க மாப்பிள்ளை" என்று ரைபிளை என் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

அளக்கும் முறை சுலபம். துளையைவிட மயிரிழை பெருத்த ஈய உருண்டையை எண்ணெய் தடவி ஒரு முனையில் திணித்து, குச்சியால் தட்டி மறுமுனையில் எடுத்தால் உள்ளளவு அதில் பதிந்து வரும். எனக்கு மயிரிழை போதாது என்று பட்டது. உருண்டையைத் தாராளமாகவே உருட்டினேன்.

ரைபிளைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி பாவாயி, "ஏனுங்க, நடுவுல சிக்கிக்கிச்சுன்னா?" என்றாள்.

"சிக்காது. இது சயின்ஸ்."

ஒரு சாண் போனதும் சிக்கியது. ஓங்கித் தட்டியதில் மூங்கில் குச்சியும் பிளந்து, வெளியே தெரியாமல் உள்ளேயே ஒடிந்து மாட்டிக்கொண்டது. குற்றம் மூங்கிலுடையது என்று தீர்மானித்து, இடது குழலுக்கு வேப்பங்குச்சியை எடுத்தேன். அதுவும் உருண்டையோடு உள்ளேயே ஒடிந்து சிக்கியது.

"இப்ப ரெண்டு குழலும் ஒரே மாதிரி ஆயிப்போச்சுங்க" என்றாள் பாவாயி. "அப்பாகிட்டச் சொல்லிருங்க."

சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் பட்டிக்காரர் ஓடிவந்தார். "சாமி, சிறுத்தை ஓடைப் புதர்ல படுத்திருக்குதுங்க!" மாமனார் பாய்ந்து வந்து ரைபிளை வாங்கினார்.

"அளந்தாச்சுங்களா?"

"ஆச்சு மாமா" என்றது என் வாய்.

பின்னாலேயே ஓடினேன். ஓடையின் அந்தப் பக்கம் தப்பட்டை அடித்துக் கலைத்தார்கள். மாமனார் ரைபிளை மடக்கி இரண்டு தோட்டாவைப் போட்டார். அடைத்த குழலில் சுட்டால் குழல் வெடித்துச் சுடுகிறவர் முகத்திலேயே அடிக்கும் என்பதையும் அதே பத்திரிகையில்தான் படித்திருந்தேன். புதர் அசைந்து சிறுத்தை வெளியே வந்தது. மாமனார் குறி வைத்தார்.

"மாமா, சுடாதீங்க! குழல் அடைச்சுக் கிடக்குது!" என்று கத்திக்கொண்டு அவர் கையைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் சப்பாத்திக் கள்ளியில் விழுந்தோம். சிறுத்தை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் மலைப்பக்கம் நடந்தது. தப்பட்டை நின்றுபோயிற்று.

மாமனார் எழுந்து தோட்டாவை உருவினார். குழலுக்குள் பார்த்தார். இருட்டு. முழங்கையிலிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "அளவு என்னங்க வந்துச்சு, மாப்பிள்ளை?"

பிறகு சேலத்துத் துப்பாக்கி ஆசாரி ஒருவர் உருண்டைகளை எடுத்துக் கொடுத்தார். அளந்து பார்த்தால் இடது குழல் நிஜமாகவே மயிரிழை பெரிது! "மாப்பிள்ளை சொன்னது சரிதானுங்க" என்று மாமனார் ஊரெல்லாம் சொன்னார். ஆனால் அதைச் சொல்ல முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

வெகு காலம் கழித்து எங்கள் பெண்ணுக்குக் கல்யாண வளையல் போட்டார்கள். ஒரு வளையல் மணிக்கட்டைத் தாண்ட மறுத்தது. நான் சும்மா எட்டித்தான் பார்த்தேன்.

"ஏனுங்க, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றாள் பாவாயி. "வளையல்காரர் பயந்துக்குவாரு."

வளையல்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அட, அந்த மாப்பிள்ளை நீங்கதானுங்களா!"