ஒரே வயிறு

வாயில் வரும் சொல்லுக்கு மனிதன் பொறுப்பேற்க வேண்டும் என்று நம்பிய ஒரே ஆசாமி சென்னையிலேயே எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில்தான் இருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. மந்தைவெளியில் கேட்டால் ‘ஒரேவயிறு’ என்பார்கள். அகராதி அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர். கல்யாணம் ஆகவில்லை.

“சகோதரன்னா இன்னா சார்? சக, உதரம். உதரம்னா வயிறு. ஒரே வயித்துல பொறந்தவன். அரசியல் சட்டத்துல மொத பக்கத்துலயே சகோதரத்துவம்னு போட்டு வெச்சிருக்கான். நாட்ல இருக்கிற அத்தினி பேருக்கும் ஒரே வயிறு! எவனாவது நம்பறானா?”

அவர் நம்பினார். அதுதான் வம்பு.

என் மனைவி ஒருநாள், “அண்ணா, இந்த சிலிண்டரைக் கொஞ்சம் உள்ள தள்ளுங்களேன்” என்று சொல்லித் தொலைத்தாள். இரண்டே மாதத்தில் எங்கள் பெண்ணுக்குக் காதுகுத்து. கோவையிலிருந்து வந்த என் மைத்துனன், தாய்மாமனாக மணையில் உட்காரப் போனால், அங்கே பட்டு வேட்டியில் ஒரேவயிறு! மடியில் என் குழந்தை. எதிரே ஐந்து தட்டு சீர். மைத்துனன் தன் சீர்த்தட்டோடு மணைக்கு முன்னால் நின்றான்.

“வாங்க தம்பி, ரெண்டு மாமனும் சேர்ந்தே உக்காருவோம்” என்று இவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

இன்னொரு நாள் நாங்கள் இருவரும் லஸ் முனையில் நடந்துகொண்டிருந்தோம். பைக்கில் வந்த ஒருவன், “ஓரமா போ ப்ரோ” என்றான். இவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“ப்ரோன்னா கூடப் பொறந்தவன். அப்ப நம்ம அம்மா எங்க கீது? கூட்டினு போ.”

“இன்னா நைனா, காலங்காத்தாலேவா?” என்றான் அவன். இவர் அதற்குள் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். பைக் போயே விட்டது! ஆள் கடத்தல் என்று போலீசுக்குப் போகலாமா என நான் தவித்துக்கொண்டிருந்தபோது, மூன்று மணி நேரம் கழித்து மீன்குழம்பு மணக்க வந்து சேர்ந்தார். பைக்காரனின் அம்மா நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்பவளாம்.

“உன் மூத்த புள்ள வந்துக்கீறேன்னு சொன்னேன்.”

“அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“மொதல்ல மீன் வெட்ற கத்திய தூக்கிச்சு. அப்புறம் சோறு போட்டுச்சு.”

அதன்பின் ஞாயிறுதோறும் அங்கேதான் சாப்பாடு.

போன ஆடியில் ஒருநாள் காலை, மொட்டைத் தலையுடன் கேட்டருகே நின்றார்.

“என்ன சார், திருப்பதியா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

“அம்மா போயிடுச்சு சார்.”

தூக்கிவாரிப் போட்டது. அவரைப் பெற்றவள் அவர் பள்ளியில் படிக்கும்போதே இறந்தவள் என்பது எனக்குத் தெரியும். சிரித்த வாயை எப்படி மூடுவதென்று தெரியாமல் நின்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாலையில் துக்கம் விசாரிக்கப் போனேன். சாத்திய கதவுக்கு வெளியே அந்த பைக்காரன் தூக்குச் சட்டியுடன் உட்கார்ந்திருந்தான். அவனும் மொட்டை.

“நேத்துலேர்ந்து அண்ணன் ஒரு வாய் துன்னல சார். கதவும் தொறக்க மாட்டேங்குது. நீ யாரு சார் அதுக்கு?”

மாடி வீட்டுக்காரன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“தம்பி” என்றேன்.